கறவை மாடும் பாறு கழுகும்

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. பேசிய நடையிலேயே தொகுத்துத் தருகிறோம்.)



விழாவுக்குக் கூப்பிட வந்தவர்கள், "பல்லுயிர் பாதுகாப்பு பற்றி நாலு வார்த்தை பேசுங்க டாக்டரம்மா" என்று சொன்னார்கள். தலைப்பு பெரியது. யானை, புலி, காடு, கடல் எல்லாம் அதற்குள் வரும். எல்லாவற்றையும் பேசினால் நீங்களும் கைதட்டுவீர்கள், வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவீர்கள். அதனால் ஒரே ஒரு பறவையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதுக்கும் நம்ம வீட்டுக் கறவை மாட்டுக்கும் நேரடியான சம்பந்தம் இருக்கு. அதுக்கும் எனக்கும்கூட ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் சொல்லும் பறவை பாறு கழுகு. பிணந்தின்னிக் கழுகு என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது. பாறு என்பதுதான் நல்ல பழைய தமிழ்ப் பெயர், சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. தலையிலும் கழுத்திலும் இறகு அதிகம் இருக்காது. பார்க்க அழகாக இருக்காது. அபசகுனம் என்று சொல்லுவார்கள். ஆனால் அது உயிரோடு இருக்கிற எதையும் தேடிப் போய்க் கொல்வதில்லை. கோழிக்குஞ்சைத் தூக்குவது வேறு பறவை. பாறு செத்ததை மட்டுமே தின்னும். ஒரு கூட்டம் இறங்கினால் ஒரு முழு மாட்டை முக்கால் மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அதன் வயிற்றில் இருக்கும் அமிலம் அவ்வளவு வீரியமானது. அழுகிய இறைச்சியில் இருக்கும் நோய்க்கிருமிகளைப் பெரும்பாலும் அங்கேயே கொன்றுவிடும். தலையில் இறகு இல்லாததும் அதனால்தான். சடலத்துக்குள் தலையை விட்டுச் சாப்பிடும்போது அழுக்கு ஒட்டாது.

நம்ம தெருவைக் கூட்டி அள்ளும் அம்மா மூன்று நாள் வரவில்லை என்றால் என்ன ஆகும்? அப்போதுதான் அவர்கள் அருமை தெரியும். பாறும் அப்படித்தான். சம்பளம் கேட்காமல் ஊரைச் சுத்தம் செய்த பறவை. அது வராமல் போன பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது.

இங்கே ஐம்பது வயதைத் தாண்டிய அக்காக்கள் இருக்கிறீர்கள். உங்கள் சின்ன வயதை நினைத்துப் பாருங்கள். மாடு செத்தால் ஊருக்கு வெளியே பொறம்போக்கில் கொண்டுபோய்ப் போடுவார்கள். தோலை உரித்துக்கொண்டு போவார்கள். கொஞ்ச நேரத்தில் வானத்தில் புள்ளி புள்ளியாக வட்டம் போடும். பார்த்திருப்பீங்க இல்லீங்களா? இப்போது உங்கள் பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள். ஒன்றையாவது பார்த்திருப்பார்களா?

திருக்கழுக்குன்றம் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும். அதைப் பார்க்கவே கூட்டம் கூடும். அதுவும் பாறு இனம்தான், மஞ்சள்முகப் பாறு. 1990களின் கடைசியோடு அந்த வரவும் நின்றுவிட்டது.

கணக்கு சொல்கிறேன், குழுக் கணக்கு பார்ப்பது மாதிரி கவனமாகக் கேளுங்கள். வெண்முதுகுப் பாறு என்று ஓர் இனம். ஒரு காலத்தில் உலகத்திலேயே மிக அதிகமாக இருந்த பெரிய கழுகு இனம் இதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணினார்கள். 1992இல் இந்தியாவில் 1,000 இருந்தது என்று வைத்துக்கொண்டால், 2007இல் மிஞ்சியது ஒன்றே ஒன்று. 999 போய்விட்டது. பதினைந்தே வருஷம். நம்ம குழுச் சேமிப்பு ஆயிரம் ரூபாய் ஒரு ரூபாயாகிவிட்டது என்றால் எப்படிப் பதறுவோம்!

ஏன் சாகிறது என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற ஆராய்ச்சியாளர் கழுகுகள் கழுத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பதையும், பிறகு விழுந்து சாவதையும் கவனித்துச் சொன்னார். வைரஸ் நோய் என்றார்கள், பூச்சி மருந்து என்றார்கள். கடைசியில் பாகிஸ்தானில் வேலை செய்த லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். அது 2004இல் வெளியானது. செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்தால் ஈரல், இதயம், குடல் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டுப்போய், வெளியே போக வேண்டிய உப்பு உடம்பிலேயே தங்கிவிட்டது.

எதனால் தெரியுமா? டைக்ளோஃபினாக். நம்ம முட்டிவலிக்குச் சாப்பிடும் அதே வலி மருந்து. மாட்டுக்குக் காய்ச்சல், மடிவீக்கம், கால்வலி என்றால் ஊசியாகப் போட்டார்கள். மாட்டுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் ஊசி போட்டு இரண்டு மூன்று நாளைக்குள் அந்த மாடு இறந்து, அந்த இறைச்சியைப் பாறு தின்றால், அதன் சிறுநீரகம் செயலிழந்து ஒரு சில நாளில் செத்துவிடும்.

இப்போது என் கணக்கைச் சொல்கிறேன். 1990களில் நான் மலையடிவாரத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தேன். அந்தச் சமயத்தில்தான் இந்த மருந்து மாட்டு வைத்தியத்துக்கு வந்தது. விலை மலிவு, வேலை வேகம். காய்ச்சலில் படுத்த மாடு சாயங்காலமே எழுந்து தீனி தின்னும். "டாக்டரம்மா கை ராசியான கை" என்று சொல்லுவார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை மாட்டுக்குப் போட்டேன் என்று எனக்கே கணக்கில்லை.

ஒரு நாள் ஓர் ஆத்தா வந்தார்கள். இன்னொரு மாட்டுக்கு மருந்து வாங்க வந்த இடத்தில், பேச்சுவாக்கில் சொன்னார்கள்: "ஏன் அம்மிணி, மாடு செத்துக் கொண்டுபோய்ப் போட்டு மூணு நாளாச்சு. நாய்தான் இழுக்குது. நாத்தம் தாங்கல. கழுகையே காணமே, எங்கே போச்சு?" நான் சிரித்துக்கொண்டே, "எங்கேயாவது வேற காட்டுக்குப் போயிருக்கும் ஆத்தா" என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டேன்.

பல வருஷம் கழித்து டைக்ளோஃபினாக் விஷயம் செய்தியில் வந்தபோது முதலில் ஞாபகம் வந்தது அந்த ஆத்தாவின் முகம்தான். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தெரிந்து செய்யவில்லை, எல்லோரும்தான் போட்டார்கள், அப்போது அது சட்டப்படி சரியான மருந்து, எல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்த ஊசி என் கையில்தானே இருந்தது? எழுத்துப் படிக்காத ஓர் அம்மா கழுகு குறைந்ததைக் கவனித்திருக்கிறார். படித்த நான் கவனிக்கவில்லை. அந்தக் கடனைத்தான் இப்படி மேடை மேடையாகப் பேசி அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கேள்வி வரும். "இருக்கிற மாட்டுக்கெல்லாமா ஊசி போட்டோம்? ஊசி போட்ட மாடெல்லாமா செத்துச்சு?" நியாயமான கேள்வி. ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நூறு சடலத்தில் ஒன்றில்கூட மருந்து இருக்க வேண்டியதில்லை, அதற்கும் குறைவாக இருந்தாலே இந்த இனம் அழிந்துபோகப் போதும் என்று தெரிந்தது. காரணம் இரண்டு. ஒன்று, ஒரு சடலத்தில் பத்து இருபது பாறு சேர்ந்து உட்காரும். ஒரு கெட்ட சடலம் ஒரு கூட்டத்தையே முடித்துவிடும். இரண்டாவது, பாறு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஐந்து வருஷம் போல ஆகும். கோழி மாதிரி பத்துக் குஞ்சு பொரித்து நட்டத்தை ஈடுகட்ட அதனால் முடியாது.

"பறவை போனால் போகட்டும், எங்களுக்கு என்ன?" என்று மனசுக்குள் நினைக்கிறவர்கள் இருக்கலாம். தப்பில்லை, கேட்கலாம். பதில் இதுதான். பாறு போன இடத்தில் சடலம் கிடந்து அழுகியது, தண்ணீர் கெட்டது, நாய்கள் பெருகின. நாய் பெருகினால் வெறிநாய்க்கடியும் பெருகும். பாறு நிறைய இருந்த மாவட்டங்களையும் முன்பே குறைவாக இருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டு இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2000 முதல் 2005 வரை இந்தியாவில் கூடுதலாக சுமார் 5 லட்சம் பேர் இறந்ததற்குப் பாறு மறைந்தது காரணம் என்பது அவர்கள் மதிப்பீடு. 5 லட்சம் மனுஷ உயிர்! மும்பையில் பார்சி மக்கள் இறந்தவர் உடலைக் கழுகுக்குக் கொடுப்பது வழக்கம். கழுகு இல்லாமல் போனதால் அங்கே வெயிலைக் குவித்து உடலை உலர்த்தும் கண்ணாடிக் கருவி வைக்க வேண்டி வந்தது.

நம்ம பக்கம் பட்டியில் புகுந்து நாய்க்கூட்டம் ஆட்டைக் கடித்துக் குதறுவதும், கடன் வாங்கி வாங்கின ஆடு பத்தும் ஒரே ராத்திரியில் போய் ஒரு குடும்பம் தலையில் கை வைத்து உட்காருவதும் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பாறு இல்லாதது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கோழிக் கழிவை ரோட்டோரம் கொட்டுவதும் காரணம். ஆனால் கழிவைத் தின்னும் பறவை போனால் அந்த இடத்துக்கு நாய் வரும் என்பது மட்டும் நிச்சயம். பல்லுயிர் பல்லுயிர் என்கிறோமே, அதன் அர்த்தம் இதுதான். ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்கிறது. ஒன்றை எடுத்துவிட்டால் அந்த வேலை நிற்கும், அந்தச் சுமை வேறு எங்கேயோ, பெரும்பாலும் ஏழை வீட்டுத் தலையில் வந்து விழும்.

இனி நல்ல செய்தி. நாம் பாக்கியசாலிகள். தமிழ்நாட்டில் பாறு இன்னும் கூடு கட்டும் இடம் நம்ம மாயாற்றுப் பள்ளத்தாக்குதான். முதுமலை, சத்தியமங்கலம் காடு, ஆற்றோரம் நிற்கும் பெரிய நீர்மருத மரங்கள், இவைதான் வெண்முதுகுப் பாறுக்கு வீடு. கருங்கழுத்துப் பாறு மலைப்பாறையில் கூடு வைக்கும். செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என்று நாலு வகையும் இந்தப் பகுதியில் உண்டு. 2023 டிசம்பரில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்று மாநிலக் காட்டிலும் ஒரே நேரத்தில் எண்ணியபோது கிடைத்த எண்ணிக்கை 320. மூன்று மாநிலத்துக்கும் சேர்த்தே அவ்வளவுதான். இந்த விழாப் பந்தலில் இருக்கும் நாற்காலியை எண்ணினாலே அதைத் தாண்டிவிடும். ஆனால் 320 இருக்கிறதே! அழிந்துபோன ஊர்களில் நின்று பேசினால் இரங்கல் கூட்டம் மாதிரி இருக்கும். இங்கே நின்று பேசும்போது இன்னும் செய்ய வேலை இருக்கிறது.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. மாட்டுக்கு டைக்ளோஃபினாக் தயாரிப்பதை 2006இல் தடை செய்தார்கள். அப்புறம் சில பேர் மனுஷருக்கு வரும் பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015இல் மனுஷருக்கான ஊசி மருந்தையும் 3 மில்லி சின்னக் குப்பியில் மட்டும்தான் விற்க வேண்டும் என்றார்கள். அசிக்ளோஃபினாக் என்று இன்னொன்று உண்டு, மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். அதையும் கீட்டோபுரோஃபென் என்ற மருந்தையும் கால்நடைக்குப் பயன்படுத்துவதை 2023இல் தடை செய்தார்கள். 2024 டிசம்பர் கடைசியில் நிமிசுலைடும் தடைப் பட்டியலுக்கு வந்தது. சட்டம் இருக்கிறது. ஆனால் மாட்டுக் கொட்டகைக்குள் சட்டம் வந்து எட்டிப் பார்க்காது. அங்கே இருப்பது நீங்கள்தான்.

போன வருஷம் ஒரு சகோதரி சொன்னார். ராத்திரி பத்து மணிக்கு மாட்டுக்கு நல்ல காய்ச்சல். யாரோ பழைய குப்பியின் அட்டையைக் கொடுத்து, "இதைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிட்டு வா, போட்டுடலாம்" என்றார்களாம். கடையிலும் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டார்களாம். அந்தச் சகோதரியை நான் குறை சொல்ல மாட்டேன். வங்கிக் கடனில் வாங்கின மாடு, தவணை நிற்கிறது, மாடு கண்ணெதிரே நடுங்குகிறது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். மாடு வலியில் கிடக்கட்டும், பறவை பிழைக்கட்டும் என்று நான் சொன்னால் நான் கால்நடை மருத்துவரே இல்லை. அப்படித் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே கிடையாது. மெலாக்சிகாம் என்று ஒரு மருந்து இருக்கிறது. டோல்ஃபெனமிக் அமிலம் என்று இன்னொன்று. இரண்டும் மாட்டின் வலிக்கும் காய்ச்சலுக்கும் நன்றாகக் கேட்கும், பாறுக்குக் கெடுதல் செய்யாது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முன்பு மெலாக்சிகாம் விலை கூடுதலாக இருந்தது. இப்போது பல கம்பெனிகள் தயாரிப்பதால் இறங்கிவிட்டது.

அதனால் நான் உங்களிடம் கேட்பது நாலே நாலு விஷயம்.

முதலாவது, மாட்டுக்கு யார் ஊசி போட வந்தாலும், "இது என்ன மருந்துங்க?" என்று பெயர் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. வங்கியில் கையெழுத்துப் போடும் முன் "இது என்ன பேப்பர்?" என்று கேட்கக் கற்றுக்கொண்டோம் அல்லவா, அதே மாதிரிதான். நாலு பெயரை மட்டும் மனசில் வையுங்கள்: டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென், நிமிசுலைட். இந்த நாலும் வேண்டாம். "மெலாக்சிகாம் போடுங்க" என்று நீங்களே சொல்லலாம். குழுவின் தீர்மான நோட்டு முதல் பக்கத்தில் இந்தப் பெயர்களைத் தமிழில் எழுதி ஒட்டிவையுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். கைவைத்தியமாக நீங்களே ஊசி போடாதீர்கள்.

இரண்டாவது, மாடு இறந்துவிட்டால், இன்சூரன்ஸுக்காக டாக்டர் வந்து காது வில்லையைப் பார்ப்பார் இல்லையா, அப்போதே கடைசி ஒரு வாரத்தில் என்னென்ன ஊசி போட்டது என்று சொல்லிவிடுங்கள். என்ன மருந்து என்று தெரியாவிட்டாலும், வேண்டாத மருந்து என்று சந்தேகம் இருந்தாலும் திறந்த வெளியில் போடாதீர்கள், ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். இன்னொன்று, நல்லா இருந்த மாடு திடீரென்று இறந்து, மூக்கு, வாய், ஆசனவாயில் ரத்தம் கசிந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். தோலை உரிக்கவே கூடாது, தொடவும் கூடாது. மனுஷருக்கும் வரும் நோய் அது. உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது கொஞ்சம் கஷ்டமான விஷயம். புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால் வரும் கோபம் எனக்குத் தெரியும். அந்த ஆத்திரத்தில் சிலர் மிச்சச் சடலத்தில் பூச்சி மருந்தைத் தெளித்து வைத்துவிடுகிறார்கள். புலி திரும்பி வருகிறதோ இல்லையோ, பாறு இறங்கிவிடும். ஒரே நாளில் ஒரு கூட்டமே போய்விடும். அது ஜெயிலுக்குப் போகும் குற்றமும்கூட. வனவிலங்கு அடித்த மாட்டுக்கு நஷ்டஈடு உண்டு. "வர நாளாகுதுங்க" என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் தனியாளாக அலைய விடாமல் கூட்டமைப்பே மனு எழுதி, போட்டோ எடுத்து, சான்றிதழ் சேர்த்து, கூடப் போய் நிற்க வேண்டும். ஒருத்தி போனால் நாளைக்கு வா என்பார்கள். இருபது பேர் போனால் நாற்காலி போடுவார்கள். இது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாலாவது, ஆற்றோரத்து நீர்மருத மரத்தை வெட்ட விடாதீர்கள். பட்டைக்காக உரிப்பதையும் தடுங்கள். அந்த மரம் வளர ஒரு தலைமுறை ஆகும். கூடு கட்டும் மரம் போனால் மருந்தை நிறுத்தியும் பிரயோஜனம் இல்லை.

இந்த நாலுக்கும் பெரிய பணம் வேண்டாம், திட்டம் வேண்டாம். மாட்டைக் கவனிப்பது யார்? நாம்தான். நோய் முதலில் கண்ணில் படுவது யாருக்கு? நமக்குத்தான். ஊசி போடும்போது மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் நாம்தான். அந்த நேரத்தில் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

போன மாதம் பவானிசாகர் பக்கம் போயிருந்தேன். மதியம் வெயிலில் அண்ணாந்து பார்த்தபோது, ரொம்ப உயரத்தில் மூன்று வட்டமிட்டுக்கொண்டிருந்தன. இறக்கையை ஆட்டாமல், அப்படியே மிதந்தபடி. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் காட்டினேன். "அது கழுகா மேடம்? இவ்வளவு நாளா பருந்துன்னு நினைச்சேன்" என்றாள். அந்த ஆத்தா இருந்திருந்தால் பார்த்ததும் சொல்லியிருப்பார்கள். அவர்கள் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் தப்பான பதில் சொல்லிவிட்டேன். கழுகு வேறு காட்டுக்குப் போகவில்லை. நாம் போட்ட மருந்தில் செத்துக்கொண்டிருந்தது. மிச்சம் இருப்பதாவது நம் வானத்தில் இருக்கட்டும்.

இன்றைக்கே இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டு, வருகிற மாதம் ஒவ்வொரு குழுவின் கூட்டத்திலும் படிக்க வேண்டும் என்று தலைவி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு விழாவுக்கு நீங்கள் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் நான் வருவேன். வந்து, "எத்தனை பேர் மருந்தின் பெயர் கேட்டீங்க?" என்று கை தூக்கச் சொல்லுவேன்.

 மாடு கறக்கிற நேரம் ஆகிறது, உங்களை நிறுத்தி வைக்க மாட்டேன்.